நான்காம் தொட்டியின் மூச்சு

நான்காவது குப்பி மட்டும் வெளுத்திருந்தது.

ஜெயசீலி நான்கு குப்பிகளையும் ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்துக் குனிந்து பார்த்தாள். தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை எளிமையானது. பார்க்கவும் அழகாக இருக்கும். காற்றுக் குமிழ் புகாமல் குப்பி நிறையத் தண்ணீர் பிடித்து, இரண்டு மருந்துகளைச் சொட்டு விட்டு மூடி, குலுக்கி வைத்தால் போதும். ஆக்சிஜன் இருந்தால் காப்பித்தூள் நிறத்தில் வண்டல் இறங்கும். நிறம் அடர்ந்தால் ஆக்சிஜன் அதிகம். வெளுத்தால் குறைவு. அறவே இல்லாத தண்ணீரில் அரிசிமாவைக் கரைத்ததுபோல் வெள்ளையாகப் படியும். முதல் மூன்று மீன் தொட்டிகளின் குப்பிகளிலும் நல்ல காப்பி நிறம். நான்காவதில் பால் கூடிப்போன டீ.

ஒரே தீவனம். ஒரே காற்றுக் குழாய். நான்காவதில் மீனும் குறைவு. பிறகு ஏன்?

"இன்னாமா, காலங்காத்தாலயே டீக்கடை போட்டுட்ட?" என்றபடி வேம்புலி வாசலில் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். குளிரூட்டும் கம்ப்ரஸர் அவர் பொறுப்பு.

"நாலாவது தொட்டியில ஆக்சிஜன் நிக்க மாட்டேங்குது அண்ணே."

"மீனு பெர்சு. மூச்சும் பெர்சா வுடுது. வுடு."

அந்த இடம் பழைய ஐஸ் பேக்டரி. நெமிலிச்சேரியில் ஏரிக்கரையை ஒட்டி, தக்கைப் பலகை அடித்த தடித்த சுவர்களோடு பல வருடம் பூட்டிக் கிடந்தது. ஜெயசீலியின் அக்கா செலினுடைய கணவர் இக்னேஷியஸ் நார்வேயில் மீன் பண்ணைகளில் வேலை பார்த்துத் திரும்பியவர். கட்டடத்தைப் பார்த்ததும் அவர் கண்டுகொண்டது ஒன்றுதான்: இங்கே குளிர் செய்யத் தெரிந்த ஓர் இயந்திரம் இருக்கிறது. குளிர் இருந்தால், குளிர்நாட்டு மீனான சால்மன் இங்கேயும் வளரும்.

அவர் நார்வேயில் பார்த்தது கடலில் வலைக்கூண்டு கட்டி வளர்ப்பது. கூண்டுக்குக் கீழே கழிவு மலையாகக் குவியும். கூண்டு மீனின் பேன் கடல் மீனுக்குத் தொற்றும். புயலில் கூண்டு கிழிந்தால் வளர்ப்பு மீன் காட்டு மீனோடு கலந்துவிடும். "தரையிலே தொட்டி கட்டி, அதே தண்ணியைத் திரும்பத் திரும்பச் சுத்த விட்டா இது எதுவும் கிடையாது சீலி" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். தொட்டியில் சுழன்று அழுக்கான தண்ணீர் முதலில் ஒரு சல்லடை உருளை வழியாகப் போகும். அங்கே தங்கும் கழிவு வெளியே வாழைக்கு உரம். பிறகு கூழாங்கல் நிரப்பிய வடிகட்டி. அந்தக் கற்களில் வழவழப்பாகப் படிந்து வாழும் நுண்ணுயிர்கள், மீன் கழிக்கும் அமோனியாவைத் தின்று தீங்கில்லாத உப்பாக்கும். பிறகு குளிர்ச்சி, பிறகு காற்று, பிறகு மறுபடி தொட்டி. தண்ணீர் லாரிக்குக் குடங்கள் வரிசை கட்டும் ஊரில் ஆயிரக்கணக்கான மீன்கள், ஏரியில் ஒரு சொட்டு அழுக்கும் கலக்காமல் வளர்ந்தன.

அந்தக் கழிவு தவிர, உள்ளே போனது எதுவும் வெளியே போகாது. அந்த ஏற்பாட்டின் பெருமையே அதுதான்.

நான்காம் தொட்டி அந்த வருடம் கட்டியது. ஐஸ் பேக்டரியின் பழைய உப்புத்தண்ணீர்க் குழியையே ஆழப்படுத்தி, வட்டமாகப் பூசி, தண்ணீர்மட்டம் தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே இருக்கும்படி செய்திருந்தார்கள். இறங்க இரும்பு ஏணி. அதில் இருந்தவை தாய் மீன்கள். வெளிநாட்டிலிருந்து வந்த முட்டையில் பொரித்து, மூன்று வருடம் வளர்ந்து, அடுத்த மார்கழியில் முட்டையிட வேண்டியவை. இன்னொரு முறை முட்டை இறக்குமதி செய்ய அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவை போனால் இக்னேஷியஸுக்கு மீன் பண்ணையே கிடையாது. அவற்றின் தண்ணீரைக் காப்பது ஜெயசீலியின் வேலை.

அவள் கணக்குப் போட்டாள். மீன் இவ்வளவு எடை. இவ்வளவு எடை இவ்வளவு ஆக்சிஜன் குடிக்கும். தண்ணீருக்குள் குமிழ் ஊதும் காற்றுக்கல் இவ்வளவு தருகிறது. மற்ற மூன்று தொட்டிகளில் வரவும் செலவும் ஒத்துப்போயின. நான்காவதில் யாரோ கூடுதலாகக் குடித்தார்கள்.

நுண்ணுயிரா? அந்தத் தண்ணீரைக் குப்பியில் அடைத்து இருட்டில் வைத்துப் பார்த்தாள். ஆக்சிஜன் குறையவே இல்லை. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அளந்தாள், வித்தியாசம் இயல்பானதுதான். மீன் தின்றபின் அதிகம் மூச்சுவிடும், பட்டினியில் குறைவாக விடும்; எனவே ஒருநாள் தீவனத்தை நிறுத்தினாள். மீன்களின் செலவு இறங்கியது. அந்தக் கூடுதல் செலவு மட்டும் இம்மியும் அசையவில்லை.

அது சாப்பாட்டுக்குக் கட்டுப்பட்டதல்ல.

அந்த எண்ணை எங்கோ பார்த்த நினைவு. கல்லூரியில் படித்த உடலியல் புத்தகத்தை வீட்டுப் பரணிலிருந்து எடுத்துப் புரட்டினாள். சேக்காட்டு வீட்டில் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. வெளியே ஐஸ்வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான். அட்டவணையில் அந்த எண் இருந்தது. எலி, முயல், நாய் எல்லாம் தாண்டிக் கடைசி வரியில்.

வளர்ந்த மனிதன். ஓய்வில்.

மறுநாள் பகலில் அவள் நான்காம் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து வெறுமனே பார்த்தாள். வெளியே கத்திரி வெயில் கொளுத்தியது. உள்ளே ஸ்வெட்டர் போட வேண்டிய குளிர். ஈரச் சணல், அமோனியா, இரும்புத்துரு ஆகியவற்றின் வாடை. பேசினால் வாயிலிருந்து புகை வரும்.

சால்மன் எப்போதும் ஓட்டத்தை எதிர்த்து நிற்கும். வட்டத் தொட்டியில் தண்ணீர் ஒருபக்கமாகச் சுழல, மீன்கள் எதிர்ப்பக்கம் முகம் வைத்து, இருந்த இடத்திலேயே நீந்திக்கொண்டிருக்கும். முழுத் தொட்டியும் மெதுவாகத் துடிக்கும் ஒரு வெள்ளிச் சக்கரம் போலத் தெரியும்.

சக்கரத்தில் ஓர் ஓட்டை இருந்தது.

சுவரோரமாக, ஏணிக்கு அடியில், மீன் எதுவும் நிற்காத ஓர் இடம். ஓர் ஆள் குந்தினால் எவ்வளவு இடம் அடைக்குமோ அவ்வளவு.

அந்த இடத்துக்கு மேலே, தண்ணீர்ப்பரப்புக்கு ஒரு சாண் உயரத்தில், மெல்லிய புகை எழுந்தது. கலைந்தது.

கொஞ்சம் பொறுத்து மறுபடி எழுந்தது.

ஜெயசீலி தன் மூச்சை அடக்கிக்கொண்டாள். அவள் வாயிலிருந்து புகை வரவில்லை. கீழே வந்துகொண்டிருந்தது.

அவள் எழுந்து கம்ப்ரஸர் அறைக்கு நடந்தாள். ஓடவில்லை. ஓடினால் அது உண்மையாகிவிடும் என்று தோன்றியது.

"அண்ணே, பின்னாடி மூடிக்கெடக்கற பழைய சம்பு இருக்கே. அதுல என்ன நடந்துச்சு?"

வேம்புலி ஸ்பானரைக் கீழே வைத்தார். "ஏன் கேக்கற?"

"நாலாவது தொட்டி வடிகட்டிக்கு அதுலேர்ந்துதான் கல்லு அள்ளினேன்."

புது வடிகட்டியில் கல்லைப் போட்டதும் வேலை நடக்காது. நுண்ணுயிர் தானாக வந்து ஒட்டிப் பெருக ஒன்றரை மாதமாவது ஆகும். தாய் மீன்களோ அதற்குள் பழைய தொட்டியில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஆகவே ஜெயசீலி, பாலுக்கு உறைமோர் ஊற்றுவதுபோல, எப்போதும் ஈரமாகக் கிடந்த பழைய சம்பின், அந்த நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின், அடியிலிருந்து வழவழப்பேறிய கூழாங்கற்களை நாலு கூடை அள்ளிப் புதுக் கல்லோடு கலந்தாள். ஒரே வாரத்தில் வடிகட்டி வேலை செய்தது. இக்னேஷியஸ் அவளைத் தோளில் தட்டிப் பாராட்டினார்.

"துலுக்கானம்னு ஒத்தன்" என்றார் வேம்புலி. "நம்பளோட வேலை செஞ்சவன். வெத்தலப் பொட்டிய என்னாண்ட குட்த்துட்டு சம்பு களுவ எறங்கினான். கெணத்துல எறங்கறதுக்கு முன்ன லாந்தர் வுட்டுப் பாப்பாங்கல்ல, அணைஞ்சா உள்ள காத்து இல்லன்னு. அத்தயும் வுட்டுப் பாத்துட்டுத்தான் எறங்கினான். நல்லா எரிஞ்சிது."

"அப்புறம்?"

"ஷிப்டு மாறிச்சி. சம்பு தொறந்து கெடந்தா எவனாவது வுழுந்துடுவான்னு, போறவன் மூடிட்டுப் போவணும். அது ரூலு. எவனோ ரூலுபடி மூடிட்டான். கருங்கல் மூடி. உள்ளேர்ந்து தட்டினா வெளிய கேக்காது." அவர் குரல் இறங்கியது. "அவன் ஊட்டுக்குப் பூட்டான்னு நாங்க நென்ச்சிகினோம். சம்புல தண்ணி வுட்டு, அந்தத் தண்ணிலதான் ஐஸு போட்டோம். ரெண்டு நாளு கழிச்சி மீன் மார்க்கெட்லேர்ந்து ஆளு வந்து நிக்கறான், ஐஸ்கட்டில மயிரு கீதுன்னு."

"நான் கல்லு அள்ளும்போது ஏன் சொல்லல?"

"நீ உறை ஊத்தறேன்னு சொன்ன. எந்த ஊட்டு மோரா இருந்தா இன்னான்னு வுட்டுட்டேன்மா."

கல்லைத் திருப்பி எடுத்துவிடலாமா? எடுத்தால் அமோனியா ஏறி இரண்டே நாளில் மீன்கள் சாகும். மருந்து ஊற்றி வடிகட்டியைக் கழுவினால் அதே தண்ணீர்தான் மீனுக்கும் போகும். தயிராகிவிட்ட பாலிலிருந்து எந்தக் கரண்டியால் மோரைப் பிரித்தெடுப்பது? கடைசியாக ஒன்று செய்து பார்த்தாள். இரண்டு தாய் மீன்களை முதல் தொட்டிக்கு மாற்றினாள். மறுநாள் முதல் தொட்டியின் குப்பி வெளுத்திருந்தது. அங்கே நின்ற குஞ்சு மீன்கள் சுவரோரம் ஓர் இடத்தைக் காலியாக விட்டிருந்தன. பயந்துபோய் அந்த இரண்டையும் திருப்பிக் கொண்டுவந்து விட்டாள். அதுவும் அவற்றோடு திரும்பி வந்தது.

அவள் எல்லாவற்றையும் சொன்னபோது இக்னேஷியஸ் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவளுக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

"நீ சயின்ஸ் படிச்ச பொண்ணு சீலி."

"அதனாலதான் மாமா அளந்துட்டு வந்து சொல்றேன்."

"சரி, கூடுதலா ஒரு காற்றுக்கல் போடு. ஆள் குடிச்சா என்ன, பேய் குடிச்சா என்ன? என் பொண்ணுங்களுக்கு மிச்சம் இருக்கணும்." தாய் மீன்களை அவர் பெண்கள் என்றுதான் சொல்வார்.

போட்டாள். குப்பியில் நிறம் திரும்பியது. இரண்டு வாரம் நிம்மதியாகப் போயிற்று.

ஆனால் வெயில் ஏறியது. கிழட்டுக் கம்ப்ரஸரால் ஈடுகொடுக்க முடியவில்லை. தொட்டித் தண்ணீரின் சூடு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. இன்னும் கூடினால் தாய் மீன்களின் வயிற்றிலேயே முட்டை கெட்டுவிடும்; அதற்கும் மேல் போனால் மீனே பிழைக்காது. இக்னேஷியஸுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கிடங்கில் கிடந்த பழைய தேக்குப் பலகைகளை இறக்கி, குழியின் வாயை மூடி, மேலே ஈரச் சணல் பரப்பினார். பிடித்த குளிர் வெளியே போகாது.

அன்று மதியம் ஜெயசீலி அளந்தாள். கூடுதல் செலவு மூன்று மடங்காகியிருந்தது.

அட்டவணையைப் பார்க்கத் தேவையில்லை. அது ஓய்வில் இருக்கும் மனிதனின் மூச்சில்லை. பதறும் மனிதனின் மூச்சு.

பலகையில் காதை வைத்தாள்.

டொக்.

உள்ளிருந்து. நிதானமில்லாமல்.

டொக். டொக் டொக்.

"மாமா, மூடாதீங்க. மூடினா அது பயப்படுது."

"தொறந்தா சூடாவுது, மூடினா காத்து போவுது. நீயே சொல்லு, நான் எதைச் செய்யறது?" இக்னேஷியஸின் கண்கள் சிவந்திருந்தன. "மூணு வருஷம் சீலி. ஒவ்வொண்ணா கையில தூக்கி வளர்த்தது."

பலகைகள் அப்படியே கிடந்தன.

அடுத்த நாள் பிற்பகலில் கரண்ட் போனது. வேம்புலி ஜெனரேட்டரை உடனே போட்டுவிட்டார். காற்று ஊதும் இயந்திரம் நிற்கவே இல்லை. ஆனாலும் ஜெயசீலி குழாயிலிருந்து பிடித்த குப்பியில் வண்டல் இறங்கியபோது, அதில் பழுப்பின் சாயல்கூட இல்லை.

அரிசிமாவு போல வெள்ளை.

அவள் கத்தியதைக் கேட்டு இக்னேஷியஸ் ஓடிவந்தார். ஒரு பலகையை இழுத்தார். கீழே, மங்கிய வெளிச்சத்தில், தாய் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கைவலையை எடுத்துக்கொண்டு அவர் ஏணியில் காலை வைத்தார்.

"சார்! லாந்தர் வுட்டுப் பாத்துட்டு எறங்கு சார்!" பின்னாலேயே லாந்தரோடு ஓடிவந்த வேம்புலி அலறினார்.

"மீன் தொட்டிக்கு எதுக்குய்யா லாந்தர்?"

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

மூச்சு விடும் எதுவும் கரியமில வாயுவை வெளியே விடும். அது காற்றைவிடக் கனம். மூடிய குழியில் தண்ணீருக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத இன்னொரு தண்ணீராகத் தேங்கி நிற்கும். இக்னேஷியஸ் அதற்குள் கழுத்துவரை இறங்கினார். பிறகு தலை இறங்கியது.

ஏணியில் நின்றுவிட்டார். அண்ணாந்து ஜெயசீலியைப் பார்த்தார். வாய் திறந்தது. மூடியது. திறந்தது.

சத்தம் வரவில்லை.

கை ஏணியை விட்டது.

ஜெயசீலி இறங்கப் பாய்ந்தாள். வேம்புலி அவள் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தார். அவள் கடித்தாள், உதைத்தாள், அவர் விடவில்லை. எரிந்துகொண்டிருந்த லாந்தரை ஒரு கையால் கயிற்றில் இறக்கினார். பாதியில் திரி சுருங்கி அணைந்தது. மறுபடி பற்றவைத்து இறக்கினார். மறுபடி அணைந்தது.

"போனீன்னா நீயும் அங்கதான்மா. போவாத. என் தாயில்ல, போவாத."

இருவரும் பலகைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தார்கள். கதவுகளையெல்லாம் திறந்தார்கள். காற்றுக் குழாயைப் பிடுங்கிக் குழிக்குள் ஊத விட்டார்கள். அதன்பின் செய்ய எதுவும் இல்லை. லாந்தர் எரியும்வரை காத்திருக்க வேண்டும். ஜெயசீலி விளிம்பில் மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய வெள்ளைச் சட்டை தண்ணீருக்குள் மெதுவாகச் சுழன்று போயிற்று.

மீன்கள் விலகி இடம் விட்டன.

லாந்தர் எரிந்தபோது வேம்புலிதான் இறங்கித் தூக்கிக்கொண்டு வந்தார். ஆவடி ஆஸ்பத்திரியில் நாடி பிடித்துப் பார்த்த டாக்டர் நெஞ்சில் கைவைக்கக்கூட இல்லை. விஷவாயு என்று எழுதிக் கொடுத்தார். அது உண்மைதான். பூந்தமல்லிக் கல்லறையில் அடக்கம் முடிந்து வந்த அன்று, தாய் மீன்கள் ஒன்றுகூடச் சாகவில்லை என்று வேம்புலி சொன்னார். செலின் பண்ணையை விற்கவில்லை. "அவர் புள்ளைங்களை நான் யார்கிட்ட குடுக்கறது?" என்றாள்.

ஜெயசீலி வேலையை விடத் தீர்மானித்திருந்தாள். போவதற்கு முன் கடைசியாக ஒருமுறை நான்காம் தொட்டியை அளந்தாள். பிழை இருக்கும் என்று மறுபடி அளந்தாள்.

கூடுதல் செலவு, பழைய எண்ணுக்குச் சரியாக இரண்டு மடங்கு.

பதற்றம் இல்லை. நிதானமான இரண்டு மூச்சுகள்.

அவள் போகவில்லை. போனால் அங்கே யார் அளப்பார்கள்?

சில நாட்கள் கழித்து மதியத்தில் செலின் வந்து விளிம்பில் உட்கார்ந்தாள். ஜெயசீலி அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கீழே வெள்ளிச் சக்கரத்தில் இரண்டு இடங்கள் காலியாக இருந்தன. இரண்டுக்கும் மேலே புகை எழுந்து எழுந்து கலைந்தது.

செலின் வெகுநேரம் பார்த்தாள். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் உள்ளது கொஞ்சம் வேகமா விடுது பாருடி" என்றாள் மெதுவாக. "தூங்கும்போதுகூட அவருக்கு மூச்சு வேகம்தான்."

ஜெயசீலி அவளை எழுப்பிக் கூட்டிப்போக முயன்றாள். முடியவில்லை. தானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

மார்கழியில் தாய் மீன்கள் முட்டையிட்டன. கம்ப்ரஸருக்குப் புதிதாக ஓர் ஆள் வேலைக்கு வந்தபோது, வேம்புலி அவரை ஜெயசீலியிடம் அழைத்து வந்தார். அவள் காரணம் எதுவும் சொல்லாமல், செய்ய வேண்டியதை மட்டும் சொன்னாள். நான்காம் தொட்டியை எந்தக் காலத்திலும் மூடக் கூடாது. வெயில் காலத்தில் வெளியிலிருந்து ஐஸ்கட்டி வாங்கி இறக்கித்தான் குளிர வைக்க வேண்டும். காற்று ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது. ஆக்சிஜன் கணக்குப் போடும்போது மீன்களோடு இரண்டு ஆட்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் அங்கே யாருக்கும் மூச்சு முட்டுவதில்லை.